விழ மறுப்பவர் ஒருவர் வேண்டும்

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை மாலை, வகுப்பு முடிந்து விரிப்புகளைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, என்னிடம் இரண்டு ஆண்டுகளாக ஜூடோ கற்கும் 19 வயது மாணவர் ஒருவர் ஒரு நீள நோட்டை இரு கைகளாலும் நீட்டினார். "மாஸ்டர், நானே ஒரு புது ஸ்டைல் உருவாக்கலாம்னு இருக்கேன். நீங்க படிச்சுப் பார்த்து, செய்யலாமா கூடாதான்னு சொல்லணும்" என்றார். சிறு வயதிலிருந்தே தம் ஊர் வாத்தியாரிடம் சிலம்பம் கற்றவர் அவர். கல்லூரிக்கு வந்த பிறகு ஓராண்டு பாக்ஸிங்கும் பழகியிருக்கிறார். நோட்டில் 64 உத்திகள் எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தன. ஒவ்வொன்றுக்கும் பென்சிலால் வரைந்த இரண்டு உருவங்கள், கால் எங்கே விழ வேண்டும் என்பதைக் காட்டும் அம்புக்குறிகள், எதிரில் நிற்பவர் என்ன செய்வார் என்பதற்கு ஒரு வரி. முதல் பக்கத்தில் குறுக்காக வைத்த இரு கம்புகளோடு ஒரு சின்னம். அதன் கீழே பெயருக்கென ஒரு கட்டம். கட்டத்துக்குள் மூன்று பெயர்கள் எழுதி அடிக்கப்பட்டிருந்தன.

அந்த நோட்டை வீட்டுக்கு எடுத்துச் சென்று இரண்டு இரவுகள் படித்தேன். எங்கள் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் தயாராகவே இருக்கின்றன. மூத்த ஆசிரியர்கள் பெரும்பாலும், "முதலில் இருப்பதை ஒழுங்காகக் கற்றுக்கொள், நாற்பது வயதுக்குப் பிறகு இதைப் பற்றிப் பேசலாம்" என்பார்கள். இளைஞர்களோ, கலை என்பதே மாறுவதுதான், யாரும் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்பார்கள். இரண்டில் எதையும் நான் அவரிடம் சொல்ல முடியாது. ஏனென்றால், நான் வாழ்நாளெல்லாம் கற்பித்து வரும் ஜூடோவையே 21 வயது இளைஞர் ஒருவர்தான் உருவாக்கினார். அதே சமயம், நானும் ஓர் இளைஞனாக இருந்தபோது சொந்தமாக ஒன்றை உருவாக்கினேன். அதற்கான விலையை வேறொருவர் கொடுத்தார்.

முதலில் அந்த 21 வயது இளைஞரைப் பற்றிச் சொல்கிறேன். ஜிகோரோ கானோ 1860-இல், இன்றைய கோபே நகரின் பகுதியான மிக்காகே என்னும் ஊரில், சாக்கே மது வடிக்கும் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். உயரம் ஐந்தடி இரண்டு அங்குலம்தான். டோக்கியோவில் உறைவிடப் பள்ளியில் படித்தபோது தம்மைவிடப் பெரிய மாணவர்களிடம் தொடர்ந்து அடிபட்டார். வலுவில்லாதவரும் வலியவரை வீழ்த்த ஒரு வழி இருக்கிறது, அதற்கு ஜுஜுத்சு என்று பெயர் என்று கேள்விப்பட்டதிலிருந்து கற்றுத்தர ஆள் தேடினார். ஆனால் அது மெய்ஜி காலம். 1868-இல் பழைய ஆட்சி போய், 1876-இல் சாமுராய்கள் வாள் அணிந்து வெளியே வருவதும் தடை செய்யப்பட்டிருந்தது. போர்க்கலைகள் நாகரிகமற்றவை என்று ஒதுக்கப்பட்டு, ஆசிரியர்கள் எலும்பு முறிவுக்குக் கட்டுப் போட்டுப் பிழைத்து வந்தார்கள். எலும்பு வைத்தியரைக் கண்டால் ஜுஜுத்சு ஆசானைக் கண்டுபிடித்துவிடலாம் என்று கணக்கிட்ட கானோ, அவ்வாறு விசாரித்துத்தான் 1877-இல் ஹாச்சினோசுகே ஃபுக்குடா என்ற டென்ஜின் ஷின்யோ மரபு ஆசிரியரை அடைந்தார். நம் தென்மாவட்டங்களில் வர்ம வைத்தியரின் வீட்டு முற்றமே அடிமுறைக் களமாகவும் இருந்ததை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

ஃபுக்குடாவின் கற்பிக்கும் முறையைக் கானோ பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஒரு நாள் ஆசிரியர் அவரைத் தூக்கி எறிந்தார். அது எப்படிச் செய்யப்படுகிறது, கை எங்கே, கால் எங்கே என்று மாணவர் கேட்டார். பதிலாக ஆசிரியர் மறுபடியும் எறிந்தார். மீண்டும் கேட்டபோது மீண்டும் எறிந்தார். போதுமான தடவை விழுந்தால் தானாகப் புரியும் என்பதே அவருடைய பாடம். கானோவின் உடம்பெங்கும் மருந்துப் பற்று ஒட்டியிருந்தது. பல்கலைக்கழகத்தில் உடன் படித்தவர்கள் அதைச் சொல்லிக் கேலி செய்தார்கள். அந்நாளில் அவர் அணிந்த மேற்சட்டை, கிழிந்த இடமெல்லாம் தைத்துத் தைத்து மூல வடிவமே தெரியாமல் போனது, பின்னாளில் அவர் நிறுவிய ஜூடோ பள்ளியான கோடோகானின் அருங்காட்சியகத்தில் காக்கப்படுகிறது. 'உருவாக்கியவர்' என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் என் மனதில் முதலில் வருவது அந்தச் சட்டைதான்.

அந்தக் களத்தில் ஃபுக்குஷிமா என்ற மூத்த மாணவர் ஒருவர் இருந்தார். உடல் பெருத்தவர், பலசாலி. கானோவால் அவரை அசைக்கவே முடியவில்லை. சுமோ உத்திகளைக் கற்றுவந்து செய்து பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு நூலகத்துக்குப் போய் மேலைநாட்டு மல்யுத்த நூல்களைப் புரட்டினார். எதிரியின் இடுப்புக்குக் கீழே தாழ்ந்து புகுந்து, ஒரு கையால் அவர் சட்டைக் கையை இழுத்து, மற்றொரு கையை அவர் கால்களுக்கிடையே நுழைத்து, நெல் மூட்டையைத் தூக்குவது போலத் தோளின் குறுக்கே ஏற்றி, மறுபக்கம் கவிழ்க்கும் ஓர் எறிதலை அதிலிருந்து எடுத்துத் தமக்கேற்ப அமைத்துக்கொண்டு பழகி, அடுத்த வாய்ப்பில் ஃபுக்குஷிமாவையே அதனால் வீழ்த்தினார். 'காத்தா குருமா', அதாவது தோள் சக்கரம், என்று இன்று நாங்கள் கற்பிப்பது அதைத்தான்.

புது உத்தி ஒன்று பிறந்த கதை இவ்வளவே. ஆனால் அதன் வரிசை முக்கியமானது. கானோ முதலில் நூலகத்துக்குப் போகவில்லை. முதலில் அவரால் வீழ்த்த முடியாத ஒருவர் இருந்தார். அவர் வாரந்தோறும் அதே இடத்தில் நின்றார், விட்டுக்கொடுக்கவில்லை, கானோவின் ஒவ்வொரு முயற்சியும் தோற்றதை உடனே காட்டினார். நூலகம் அந்தத் தோல்விக்குப் பிறகு வந்தது. நூலகத்திலிருந்து கொண்டுவந்ததைச் சோதிக்கவும் அதே மனிதர் அங்கே காத்திருந்தார். ஃபுக்குஷிமாவின் பெயரை ஜூடோ வரலாற்று நூல்கள் ஒரு பத்தியில் கடந்துவிடுகின்றன. என்னைக் கேட்டால் ஜூடோவின் மூலவர்களில் அவரும் ஒருவர்.

1879-இல் ஃபுக்குடா இறந்தபோது அவருடைய மரபின் உத்திகள் எழுதிய சுருள்களைக் குடும்பத்தார் கானோவிடம் ஒப்படைத்தார்கள். அடுத்து மசாத்தோமோ இசோ என்ற ஆசிரியரிடம் சேர்ந்தார். 1881-இல் அவரும் மறைந்தார். மூன்றாவதாக, கிட்டோ மரபைச் சேர்ந்த சுனேத்தோஷி ஈக்குபோவிடம் சேர்ந்தார். மூவரும் மூன்று வகை. ஃபுக்குடாவிடம் தடையற்ற மோதல் பயிற்சி, அதாவது ராண்டோரி, அதிகம். இசோவிடம் வரிசை மாறாத வடிவப் பயிற்சியான காட்டா அதிகம். ஈக்குபோவின் சிறப்பு எறிதல்கள். ஒருவருக்கு மறுக்க முடியாத உண்மையாகத் தோன்றியது மற்றவருக்கு இரண்டாம்பட்சமாக இருந்ததைக் கானோ தம் உடம்பிலேயே உணர்ந்தார். இரண்டு ஆசிரியர்கள் கண்ணெதிரே மறைந்ததும், அவர்கள் அறிந்ததைத் தாங்கிச் செல்ல வேறு ஆட்கள் அதிகம் இல்லாததும் அவர் நிலைமையை மாற்றிவிட்டன. ஒரு கலையை உருவாக்கும் ஆசையைவிட, கையில் வந்து சேர்ந்துவிட்ட ஒன்றை என்ன செய்வது என்ற கவலைதான் அவரை நகர்த்தியது என்று நான் எண்ணுகிறேன்.

1882-இல் டோக்கியோவின் எய்ஷோஜி என்ற புத்தக் கோயிலில் 12 தாத்தாமி விரிப்புகள் போடுமளவுக்கு ஓர் அறையை எடுத்துக் கோடோகானைத் தொடங்கினார். கணக்கிட்டால் ஏறக்குறைய 20 சதுர மீட்டர், நம் ஊர் வீடுகளில் ஒரு பெரிய கூடத்தின் அளவு. முதல் ஆண்டில் சேர்ந்தவர்கள் 9 பேர். எறியும் அதிர்ச்சியில் கூரை ஓடுகள் நழுவின, முன்னோர் நினைவுப் பலகைகள் ஆடி விழுந்தன, கோயில் துறவி பொறுமையிழந்தார். இதில் நான் எப்போதும் நின்று யோசிக்கும் செய்தி வேறொன்று. கானோ தாமே ஆசிரியராகிவிட்ட அந்த அறைக்கு, அவருடைய ஆசிரியர் ஈக்குபோ வாரத்தில் சில நாட்கள் வந்து அவருக்கும் மாணவர்களுக்கும் கற்பித்துக்கொண்டிருந்தார். கானோ தம் சொந்தக் கூடத்தில், தம் சொந்த மாணவர்கள் பார்க்க, தம் ஆசிரியரால் எறியப்பட்டுக்கொண்டிருந்தார். ஒரு மரபை நிறுவியவர் என்று நாம் நினைக்கும் மனிதருக்கும் அந்தக் காட்சிக்கும் எவ்வளவு தூரம்! இன்று பள்ளி திறக்கும் பலர் முதலில் செய்வது, தம்மை எறியக்கூடியவர் எவரும் உள்ளே வராமல் கதவைச் சாத்துவதுதான்.

ஜூடோவின் இதயம் என்று சொல்லத்தக்க கண்டுபிடிப்பு அந்தக் கூடம் தொடங்கிய பிறகே தெளிவாக உருப்பெற்றது. நிலையாக நிற்கும் மனிதரை எறிவது கடினம். அவருடைய எடை ஒரு பக்கம் சாயும் கணத்தில் எறிவது எளிது. அந்தச் சாய்வை நாமே வரவழைக்க வேண்டும், அவர் தள்ளினால் இழுத்தும், இழுத்தால் தள்ளியும், எட்டுத் திசைகளில் ஏதோ ஒன்றில் அவரைக் குலைத்த பிறகே எறிதலுக்குள் நுழைய வேண்டும். குசுஷி என்று இதைச் சொல்கிறோம். சட்டையின் கழுத்துப்பட்டையைப் பிடித்த கை ஓர் அங்குலம் மேலே தூக்கினால் எதிரில் நிற்பவரின் குதிகால் விரிப்பிலிருந்து தாள் நுழையும் அளவுக்கு எழும்பும். அந்தத் தாள் அளவு இடைவெளிதான் எல்லாம். ஒரு நாள் ராண்டோரியில் கானோ ஈக்குபோவையே இவ்வாறு எறிந்தார். எப்படி என்று ஆசிரியர் கேட்டார், கானோ விளக்கினார். இனி நான் உனக்குக் கற்பிக்க எதுவுமில்லை என்று ஆசிரியர் ஒப்புக்கொண்டார். அதைச் சொன்ன ஈக்குபோவின் பெருமையையும் குறைத்து மதிக்கக் கூடாது. மாணவனிடம் விழுந்ததை மறைக்காத ஆசிரியர் இருந்ததால்தான் மாணவனுக்குத் தன் கண்டுபிடிப்பு மெய்யானது என்று தெரிந்தது.

கானோ சேர்த்ததைவிட நீக்கியது பெரிது என்பது என் நெடுநாள் எண்ணம். ஜுஜுத்சுவில் கண்ணைக் குத்துவது, உயிர்நிலைகளில் அடிப்பது, விரலை முறிப்பது எல்லாம் இருந்தன. அவற்றைத் தோழர்மேல் முழு வேகத்தில் செய்ய முடியாது. செய்தால் நாளைக்குப் பழகத் தோழர் இருக்க மாட்டார். ஆகவே அவற்றை மெதுவாக, நடிப்பாகத்தான் பழக முடியும். கானோ அத்தகைய அடிகளைக் காட்டாவுக்குள் பாதுகாத்து வைத்து, ராண்டோரியிலிருந்து விலக்கினார். மூட்டுப் பிடிகளும் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, இறுதியில் முழங்கை ஒன்றுதான் மிஞ்சியது. எறியப்படுபவர் காயமின்றி விழுவதற்கான பயிற்சிக்கு முதலிடம் கொடுத்தார். மேலோட்டமாகப் பார்த்தால் கலை பலவீனமாகிவிட்டது என்றே தோன்றும்; அன்றும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. ஆனால் விளைவு தலைகீழாக இருந்தது. மிஞ்சிய உத்திகளை ஒருவர் ஒரே மாலையில் முழு வலுவோடு, முழு எதிர்ப்போடு முப்பது தடவை முயன்று பார்க்கலாம், மறுநாளும் வரலாம். கொல்லும் உத்தியை ஆயிரம் தடவை காற்றில் செய்தவரைவிட, கொல்லாத உத்தியை ஆயிரம் தடவை மறுப்பவர்மேல் செய்தவருக்கு அதிகம் தெரிந்திருந்தது.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்ல வேண்டும். 24 வயதில் நானும் என் நண்பர் ஒருவரும் ஒரு தற்காப்பு முறையை உருவாக்கினோம். ஜூடோ, கொஞ்சம் கராத்தே, கொஞ்சம் குத்துவரிசை, மீதி எங்கள் கற்பனை. பெயர் வைத்தோம், சட்டையில் சின்னம் தைத்தோம், ஒரு பள்ளி மைதானத்தில் காலை வகுப்பு நடத்தினோம். அதில் கத்தியோடு வருபவரின் மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பி ஆயுதத்தைப் பறிக்கும் ஓர் உத்தி எனக்கு மிகவும் பெருமையானது. மரக்கத்தியோடு நண்பர் வலக்கையை நீட்டுவார், நீட்டிய கை அங்கேயே நிற்கும், நான் பிடித்துத் திருப்புவேன், கத்தி விழும். நூற்றுக்கணக்கான தடவை செய்தோம். ஒரு தடவையும் தவறியதில்லை. தவறாததே எனக்கு நிரூபணமாக இருந்தது.

எங்கள் மாணவர்களில் ஒருவர் இரவுப் பணிக்குப் போய்வருபவர். ஒரு விடியற்காலையில் பேருந்து நிலையத்துக்கு வெளியே இருவர் அவரை மறித்துப் பணம் கேட்டார்கள். கொடுத்துவிட்டு வந்திருக்கலாம். நான் கற்பித்ததை அவர் நம்பினார். நீட்டிய கை அங்கே நிற்கவில்லை. போன வேகத்தில் பின்னால் வந்து மறுபடி போனது. முன்கையில் தசைநார் அறுந்தது. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் அவருடைய இரண்டு விரல்கள் முழுதாக மடங்கவில்லை. மருத்துவமனையில் அவர் என்னிடம், "நான்தான் மாஸ்டர் சரியாச் செய்யல" என்றார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அந்த வார்த்தையை என்னால் இறக்கி வைக்க முடியவில்லை. அவர் சரியாகத்தான் செய்தார். நான் மறுப்பவர்மேல் ஒரு தடவைகூடச் சோதிக்காத ஒன்றை, அறிந்தவன் போலக் கற்பித்திருந்தேன். அந்த மாதமே வகுப்பை மூடினேன். பெயரை இன்றுவரை எங்கும் எழுதியதில்லை.

ஆகவே இளைஞர்கள் புதிதாக ஒன்றை உருவாக்குவதை நான் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை. வயது எனக்குத் தடையாகத் தெரியவில்லை. கானோ ஐந்து ஆண்டுகளே கற்றிருந்தார். அதே ஐந்து ஆண்டுகளை நானும் கற்றிருந்தேன். அவருக்கு ஃபுக்குஷிமா இருந்தார், ஈக்குபோ இருந்தார். எனக்கு ஒத்துழைக்கும் நண்பர் இருந்தார். நல்ல நண்பர், நான் எப்போது திருப்புவேன் என்று தெரிந்து முன்கூட்டியே விழுந்துகொடுத்த நண்பர்.

புரூஸ் லீயை நினைக்காமல் எந்த இளைஞரும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை என்பதால் அவரைப் பற்றியும் சிறிது. ஹாங்காங்கில் இப் மேனின் பள்ளியில் விங் சுன் என்ற சீனத் தற்காப்புக் கலையைக் கற்று, 1959-இல் 18 வயதில் அமெரிக்காவுக்குச் சென்றவர் அவர். 1964-இல் ஓக்லாந்தில் வோங் ஜாக் மேன் என்ற ஆசிரியரோடு மூடிய அறையில் ஒரு சண்டை நடந்தது. அதில் என்ன நடந்தது என்பதில் இரு தரப்பாரும் கடைசிவரை உடன்படவில்லை. ஆனால் சண்டை தாம் எண்ணியதைவிட நீண்டதும், தமக்கு மூச்சு வாங்கியதும் லீயை உலுக்கின. கற்ற முறையின் எல்லை அங்கே தெரிந்தது. அதன் பிறகுதான் பாக்ஸிங்கையும் வாள்வீச்சு நூல்களையும் ஆழமாகப் படித்து, உடல் தகுதிப் பயிற்சியைத் தலைகீழாக மாற்றினார். 1967-இல் ஜீத் குன் டோ என்று பெயரிட்டார். இடைமறிக்கும் முட்டியின் வழி என்று பொருள். பெயரிட்ட சில ஆண்டுகளிலேயே அந்தப் பெயர் அவருக்குச் சுமையானது. அதை ஒரு பாணியாக எண்ணாதீர்கள், பெயரைப் பிடித்துக்கொண்டு சண்டையிடாதீர்கள் என்ற பொருளில் திரும்பத் திரும்பப் பேசினார், 1970-இல் பயிற்சிப் பள்ளிகளை மூடச் சொன்னார். 1973-இல் 32 வயதில் அவர் இறந்த பிறகு, எது மூலமானது, எது வளர்ச்சி என்று அவருடைய மாணவர் பரம்பரைக்குள்ளேயே இரண்டு அணிகள் உண்டாயின. பெயர் வைத்த ஒன்றைப் பிறகு வளர விடுவது எவ்வளவு கடினம் என்பதற்கு இதைவிட வேறு சான்று எனக்குத் தேவைப்படவில்லை.

கானோ பெயர் விஷயத்தில் கூடுதல் நிதானம் காட்டினார். 'ஜூடோ' என்பதே அவர் ஆக்கிய சொல் அல்ல. ஜிக்கிஷின் என்ற பழைய ஜுஜுத்சு மரபில் அது முன்பே வழங்கியது. முழுக்கப் புதிய பெயர் வைக்க முடிந்திருந்தும், தமக்குக் கற்பித்தவர்களுக்குப் பட்ட கடனுக்காக, மென்மை என்ற பொருள் தரும் 'ஜு' என்ற பகுதியை வைத்துக்கொண்டு, கலை என்ற பொருள் தரும் 'ஜுத்சு'வை விட்டு, வழி என்ற பொருள் தரும் 'டோ'வை ஏற்றார். அவர் உருவாக்கிய ஒன்றும் அவர் கையிலேயே இருந்துவிடவில்லை. காலைப் பிடித்துத் தாக்குவதைச் சர்வதேச ஜூடோ சம்மேளனம் 2010-இல் பெருமளவும் 2013-இல் முழுமையாகவும் போட்டிகளில் தடை செய்தபோது, ஃபுக்குஷிமாவை வீழ்த்திய அந்தத் தோள் சக்கரமும் தன் மூல வடிவத்தில் போட்டிக்குள் வர முடியாததாகிவிட்டது. நிறுவியவரின் முதல் கண்டுபிடிப்பையே அவருடைய கலையின் போட்டி விதிகள் வெளியே நிறுத்தின. எனக்கு அதில் வருத்தம் உண்டு. வகுப்பில் காலைப் பிடித்தே அதைக் கற்பித்து வருகிறேன்.

இரண்டு இரவுகள் படித்து முடித்த பிறகு, வியாழக்கிழமை அந்த மாணவரை ஒரு மணி நேரம் முன்னதாக வரச் சொன்னேன். நோட்டின் பதினேழாம் உத்தி என்னைக் கவர்ந்திருந்தது. எதிரி வலக்கையால் குத்துகிறான். நாம் பின்வாங்காமல் சிலம்பத்தில் கம்பு வீச்சுக்கு விலகும் காலடியைப் போட்டு, குறுக்கே முன்னேறி அவன் பக்கவாட்டுக்குப் போகிறோம். குத்திய கையை மணிக்கட்டில் பற்றி, இடுப்பை நுழைத்து எறிகிறோம். முதலில் அவருடைய அறைத்தோழரோடு செய்து காட்டினார். அழகாக இருந்தது. தோழர் காற்றில் ஒரு வட்டம் போட்டு விரிப்பில் விழுந்தார். ஐந்து தடவையும் விழுந்தார்.

பிறகு எங்கள் வகுப்பில் 52 கிலோ பிரிவில் மோதும் மாணவி ஒருவரை அழைத்தேன். "அவங்க சொல்ற மாதிரி குத்தும்மா. ஆனா விழணும்னு கட்டாயம் இல்ல" என்று மட்டும் சொன்னேன். அவர் குத்தினார், குத்திய கையை உடனே இழுத்துக்கொண்டார். மாணவரின் பிடி காற்றில் மூடியது. இரண்டாவது தடவை மணிக்கட்டு கிடைத்தது. ஆனால் அவர் முதுகைத் திருப்பி இடுப்பை நுழைப்பதற்குள் அந்தப் பெண் தம் இடுப்பைத் தாழ்த்தி, அவரைப் பின்னாலிருந்து அணைத்தாற்போலப் பிடித்து உட்கார வைத்துவிட்டார். மூன்று, நான்கு, ஐந்து. மாணவரின் முகம் சிவந்தது. "இவங்க அப்படி வரக் கூடாது மாஸ்டர், நோட்ல..." என்று தொடங்கியவர் தாமே நிறுத்திக்கொண்டார். நானும் எதுவும் சொல்லவில்லை. ஒவ்வோர் உத்திக்கும் கீழே எதிரி என்ன செய்வான் என்று எழுதியிருந்த அந்த ஒரு வரி எங்கள் இருவருக்கும் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தது. என் பழைய கத்தி உத்திக்கும் அப்படி ஒரு வரி இருந்தது. அந்த வரியை எதிரியைக் கேட்காமல் நாங்களே எழுதியிருந்தோம்.

"இன்னும் ஒரு பதினைஞ்சு தடவை" என்றேன். எட்டாவது முயற்சிக்கு மேல் அவர் மணிக்கட்டைத் தேடுவதை விட்டுவிட்டார், களைப்பினால்தான். காலடியை மட்டும் போட்டார். பதினான்காவதில், அந்தக் குறுக்குக் காலடி அவரைப் பெண்ணின் வலத்தோளுக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தியபோது, குத்தோடு முன்வந்த அவருடைய வலக்காலில் எடை ஏறிக்கொண்டிருந்தது. மாணவர் யோசிக்காமல் அந்தக் காலைத் தம் பாதத்தின் உட்புறத்தால் வாரினார். பெண் விரிப்பில் இருந்தார். எழுந்து உட்கார்ந்து, "இது எங்கிருந்து வந்துச்சு?" என்று கேட்டார். அந்த மாலையில் முதல்முறையாக அவருக்குத் தெரியாத ஒன்று நடந்திருந்தது.

கால் வாருதல் பழையது. எங்கள் எறிதல் பட்டியலின் முதல் வரிசையிலேயே இருக்கிறது. சிலம்பக் காலடியும் பழையது. ஆனால் அந்தக் கோணத்திலிருந்து, குத்துக்கு எதிராக, அந்த இரண்டும் சேர்ந்து வந்ததை நான் அதுவரை என் கூடத்தில் பார்த்ததில்லை. 64 உத்திகளில் எதிலும் அது எழுதப்பட்டிருக்கவில்லை.

அன்று அவரிடம் நான் சொன்னது இதுதான். உருவாக்குங்கள். உங்களைத் தடுக்கும் தகுதி, 21 வயது இளைஞரின் கலையைக் கற்பித்துச் சாப்பிடும் எனக்கு இல்லை. ஆனால் பெயருக்கான கட்டத்தை இப்போது நிரப்பாதீர்கள், இன்னொருவருக்குக் கற்பிக்காதீர்கள், நோட்டிலுள்ள ஒவ்வொன்றையும் விழ விருப்பமில்லாதவர்களிடம் கொண்டுபோங்கள். மிஞ்சுவது மூன்றாக இருந்தால் அந்த மூன்றும் உங்களுடையவை. தோழர்மேல் முழு வேகத்தில் செய்து பார்க்கவே முடியாத அளவுக்கு ஆபத்தான எதையும், அது எவ்வளவு அழகாக இருந்தாலும், உங்களுக்குத் தெரிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். என் மாணவரின் விரல்களைப் பற்றியும் சொன்னேன். அதை நான் வகுப்பில் யாரிடமும் அதுவரை சொன்னதில்லை.

இன்னொன்றும் கேட்டேன்: "அந்தக் காலடியை உங்க வாத்தியார் எதுக்காகக் கத்துக்கொடுத்தார்?" அவருக்குத் தெரியவில்லை. பத்து வயதில் கற்றது, கேட்கத் தோன்றவில்லை. அந்த வாத்தியாருக்கு எழுபது வயதுக்கு மேல் ஆகிறது. இப்போது கற்க வருபவர்களில் பெரும்பாலோர் பள்ளி விழாவுக்குக் கம்பு சுற்றத்தான் வருகிறார்கள், எதிரெதிர் நின்று மோத வருபவர்கள் மிகக் குறைவு. ஃபுக்குடாவின் கூடத்தை நினைத்துக்கொண்டேன். கானோவுக்கு வந்து சேர்ந்த கவலை இந்த இளைஞருக்கும் வர நியாயமுண்டு. புதியதைக் கட்டுவதற்கு முன் அங்கே எடுத்து வைக்க வேண்டியவை நிறைய இருக்கின்றன.

அடுத்த ஞாயிறு அவர் ஊருக்குப் போனார். வாத்தியார் பேரனின் சைக்கிளை ஓரம் தள்ளிவிட்டு முற்றத்தில் அந்தக் காலடியைப் போடச் சொல்லியிருக்கிறார். பார்த்ததும், குதிகால் தரையில் முழுதாகப் படுகிறது, இத்தனை நாளும் தப்பாகவே செய்திருக்கிறாய் என்று கடிந்துகொண்டு, தோளின் குறுக்கே கம்பை வைத்து ஒரு மணி நேரம் நடக்க விட்டாராம். முன்பாதம் சுழன்ற பிறகே குதிகால் இறங்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வீச்சுக்குக் கால் எழும்பாது. பிறகு வாத்தியாரே ஒரு கம்பை எடுத்து அவர் கணுக்காலை நோக்கி வீசினார். ஏழு தடவையில் ஐந்து தடவை பட்டது. கணுக்காலில் நீலம் பாய்ந்த தழும்பை அவர் எனக்குக் காட்டியபோது, அவர் முகத்தில் நோட்டை நீட்டிய அன்றிருந்ததைவிட அதிக மகிழ்ச்சி தெரிந்தது.

இப்போது செவ்வாயும் வியாழனும் ஒரு மணி நேரம் முன்னதாக அவரும் அந்த மாணவியும் வந்துவிடுகிறார்கள். குதிகாலைத் திருத்திய பிறகு இருபதில் ஆறு தடவை வாருகிறார். வருகிற வாரம் தானும் கையுறை போட்டுக்கொண்டு, எந்தக் கையால் குத்தப் போகிறேன் என்று சொல்லாமல் குத்துவதாக அந்தப் பெண் அறிவித்திருக்கிறார்.